வண்டியைப் பத்து நிமிடம் தாமதமாகக் கிளப்புங்கள்

லாவோஸுக்குத் தமிழ்க் குழுக்களை அழைத்துச் செல்லும் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கும் குழுத்தலைவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்களில் ஒருவருடைய குழுவில், இருபத்திரண்டு பேரில் ஒருவனாக, நான் லாவோஸ் போய் வந்தேன். அடுத்த ஆண்டு தனியாக மறுபடியும் போனேன். முதல் பயணம் நான்கு நாள். இரண்டாவது பதினேழு நாள். இரண்டுக்கும் நடுவே நான் கண்ட வித்தியாசம்தான் இந்த மடலை எழுத வைத்தது. எந்த நிறுவனத்தோடு போனேன் என்பதைச் சொல்லப் போவதில்லை, அது தேவையும் இல்லை. வேறு பலருடைய பயணத் திட்டங்களையும் பிறகு வாங்கிப் பார்த்தேன். ஊர்களின் வரிசை, நேரம், இறக்கிவிடும் இடம் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. ஆகவே இது உங்கள் எல்லோருக்குமான கடிதம்.

வடக்கே உள்ள பழைய நகரமான லுவாங் பிரபாங்கில் அந்த முதல் விடியற்காலையிலிருந்து தொடங்குகிறேன். மணி ஐந்தரை, இன்னும் இருட்டு, நல்ல குளிர். விடுதி வாசலிலிருந்து வண்டியில் கூட்டிப்போய்ப் பெரிய தெருவில் இறக்கிவிட்டார்கள். சுவரோரமாகக் குட்டையான பிளாஸ்டிக் முக்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு சிறு மூங்கில் கூடையில் சோறு, தட்டில் பிஸ்கட் பொட்டலங்கள். “பதினைந்து நிமிஷம்தான். பிக்குகள் வருவாங்க, போடுங்க, போட்டோ எடுத்துக்கோங்க. அப்புறம் மார்க்கெட்” என்றார் குழுத்தலைவர். எங்களுக்குக் கிடைத்த விளக்கம் அவ்வளவுதான்.

தெருக்கோடியில் காவி தெரிந்தது. முதலில் மூத்த பிக்குகள், பின்னால் வயது வரிசைப்படி இளையவர்கள், கடைசியில் பத்து பன்னிரண்டு வயதுச் சிறுவர்கள். எல்லோரும் வெறுங்காலோடு, ஒரு பேச்சும் இல்லாமல் வந்தார்கள். எங்கள் குழுவில் ஒருவர் முக்காலியிலிருந்து எழுந்து நடைபாதையின் நடுவில் போய் நின்று, கைபேசி விளக்கைப் போட்டுக்கொண்டு படம் எடுக்க ஆரம்பித்தார். வரிசையின் கடைசியில் வந்த பையன் நின்றுவிட்டான். வெளிச்சம் நேராக முகத்தில். அவன் தலையைக் குனிந்து, நடைபாதை விளிம்பைக் காலால் தடவிப் பார்த்து, தெருவில் இறங்கி, அவரைச் சுற்றிக்கொண்டு போனான். எங்களுக்கு நான்கு முழம் தள்ளி ஒரு லாவோ பாட்டி பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். எங்களை ஒரே ஒருமுறை பார்த்தார். பிறகு பாயைச் சற்றுப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

நானும் படம் எடுத்தேன். அது இன்னும் என் கைபேசியில் இருக்கிறது. அதில் அந்தப் பையனின் முகம் வெளுத்து, கண் மூடியிருக்கிறது.

இரண்டாவது முறை போனபோது உள்ளூர் வழிகாட்டி ஒருவரை வைத்துக்கொண்டேன். மலைக்கிராமத்திலிருந்து பன்னிரண்டு வயதில் படிப்புக்காக லுவாங் பிரபாங் வந்து, துறவாடை போட்டு, விகாரையிலேயே தங்கிப் பள்ளி முடித்தவர். வசதியில்லாத வீட்டுப் பையன்கள் பலருக்கு அங்கே அதுதான் படிப்புக்கு வழி. அவரிடம் அந்தக் காலை நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “விளக்கு கண்ணில் பட்டால் அடுத்த ஏழெட்டு அடிக்குத் தரை தெரியாது. வெறுங்காலில் போகிறோம். கல் இருக்கும், கண்ணாடிச் சில்லு இருக்கும்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “நான் அந்த வரிசையில் ஆறு வருஷம் நடந்திருக்கிறேன். எங்கே நிற்க வேண்டும் என்று உங்களுக்கு யாருமே சொல்லித் தரவில்லையா?” என்று கேட்டார்.

நான் உங்களிடம் கேட்க வந்திருப்பதும் அதைத்தான். லாவோஸில் எங்கே நிற்க வேண்டும் என்பதை எங்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

இந்த அன்னமிடுதலை அவர்கள் தாக் பாத் என்கிறார்கள். பாத் என்றால் பிக்குவின் கையில் இருக்கும் பாத்திரம். நம் பாத்திரமும் அவர்களுடைய பாத்தும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள். இதை ஒருவர் சொல்லியிருந்தால் எங்கள் வண்டியில் அத்தனை பேரும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்போம். ஏனென்றால் அது நமக்குத் தெரிந்த காரியம். வாசலுக்கு வந்தவருக்குச் சோறு போடுவது எப்படி என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அங்கே வீட்டுக்காரர்கள் முந்தின இரவே அரிசியை ஊறவைக்கிறார்கள். நம் கவுனி அரிசியைப் போல வெந்தால் ஒட்டிக்கொள்ளும் அரிசி அது. விடிவதற்குள் எழுந்து, கூம்பு போன்ற மூங்கில் கூடையைப் பானையின் வாயில் செருகி ஆவியில் வேகவைக்கிறார்கள். பிறகு அதை மூடியுள்ள சிறு கூடையில் எடுத்துக்கொண்டு, இடது தோளில் மேல்துண்டு போட்டுக்கொண்டு தெருவுக்கு வருகிறார்கள். செருப்பைக் கழற்றி, பெண்கள் கால்களைப் பின்பக்கமாக மடித்து உட்காருகிறார்கள். கொடுப்பவர் வாங்குபவரைவிடத் தாழ்ந்து இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஒவ்வொரு பாத்திரத்திலும் விரலால் கிள்ளிய ஒரு சிறு உருண்டை. யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. வரிசையின் ஓரத்தில் ஏழைப் பிள்ளைகளும் கூடையோடு உட்கார்ந்திருப்பார்கள். பிக்குகள் தமக்குக் கிடைத்ததில் ஒரு பங்கை எடுத்து அந்தக் கூடைகளில் போட்டுவிட்டுப் போவார்கள். அந்தப் பிள்ளைகளை முதல் பயணத்தில் நான் கவனிக்கவே இல்லை. கையில் கைபேசி இருந்தது.

ஊர்க்காரர்கள் நம்மிடம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அறிவிப்பாக எழுதிப் பல இடங்களில் ஒட்டியே வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு மனதார அர்த்தம் இருந்தால் மட்டும் அன்னமிடுங்கள். இல்லையென்றால் தள்ளி நின்று சத்தமில்லாமல் பாருங்கள். பிளாஷ் போடாதீர்கள். பிக்குகளைத் தொடாதீர்கள், வழியை மறிக்காதீர்கள். தோளும் காலும் மூடிய உடை போடுங்கள். சோறு கொடுப்பதாக இருந்தால் தெருவில் விற்பவர்களிடம் வாங்காமல் காலைச் சந்தையில் வாங்கிக்கொள்ளுங்கள். பேருந்தில் உட்கார்ந்தபடி பின்தொடராதீர்கள், அப்போது நீங்கள் பிக்குகளுக்கு மேலே இருப்பீர்கள். இதைத் தமிழில் ஒரு தாளில் அச்சடித்து முந்தின இரவு ஆளுக்கொன்று கொடுக்க எவ்வளவு செலவாகிவிடும்? எங்கள் குழுவில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள், கோயில் ஒழுங்கு தெரிந்தவர்கள். தெரிந்திருந்தால் அவர்களில் ஒருவர்கூட அப்படிச் செய்திருக்க மாட்டார்கள். முகத்துக்கு நேராக விளக்கடித்தவரும் ஊரில் தினமும் கோயிலுக்குப் போகிறவர்தான். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவருக்குச் சொல்லாமல் விட்டவர்கள்மேல்தான் வருத்தம்.

அடுத்தது நேரம். லாவோஸின் புது ரயில் 2021 டிசம்பரில் ஓட ஆரம்பித்தது. அதற்கு முன் தலைநகர் வியந்தியானிலிருந்து லுவாங் பிரபாங்குக்கு மலைப்பாதையில் ஒரு பகல் போய்விடும். இப்போது சுமார் இரண்டு மணி நேரம். மிச்சமான நேரத்தை ஊரைப் பார்க்கக் கொடுப்பீர்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் ரயில் வந்த பிறகு பயணமே சுருங்கிவிட்டது. ஆறு நாள் திட்டம் நான்கு நாளாகிவிட்டது. வியந்தியானில் ஒரு நாள், வாங் வியங்கில் ஒரு நாள், லுவாங் பிரபாங்கில் ஒன்றரை நாள், கிளம்பு.

அந்த ஒன்றரை நாளில் வாட் சியாங் தோங் விகாரைக்கு எங்களுக்குக் கிடைத்தது இருபத்தைந்து நிமிடம். மீகாங் ஆற்றோடு நாம் கான் ஆறு வந்து சேரும் முனையில், அரசர் செத்தாத்திராத் 1560 வாக்கில் கட்டிய விகாரை அது. 1995இல் நகரமே உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. கூரை அடுக்கடுக்காகச் சரிந்து, இறக்கை விரித்த கோழி குஞ்சுகளை அணைப்பதுபோல் கிட்டத்தட்டத் தரைவரை இறங்குகிறது. பின்சுவரில் சிவப்புப் பின்னணியில், கண்ணாடித் துண்டுகளால் இழைத்த ஒரு பெரிய மரம். சாய்வான வெயில் படும்போது அதிலுள்ள மயில்கள் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு மின்னும். நாங்கள் போனது நடுப்பகல்.

வாசலுக்கு அருகே அரச இறுதி ஊர்வல ரதம் நிற்கும் ஒரு கூடம் இருக்கிறது. அதன் வெளிச்சுவர் முழுக்கத் தேக்கில் செதுக்கிப் பொன் பூசிய பலகைகள். செதுக்கியிருப்பது ராமகதை. எங்கள் குழுத்தலைவர் அதைத் தாண்டி எங்களைக் கழிப்பறைப் பக்கம் அழைத்துப் போய்விட்டார். இரண்டாவது முறை அந்தப் பலகைகளின் முன்னால் ஒரு மணி நேரம் நின்றேன். ஒவ்வொன்றாக அடையாளம் கண்டுபிடிக்க முயன்றேன். வழிகாட்டி சிரித்துக்கொண்டே திருத்தினார். அவர்கள் அந்தக் கதையை பிரா லக் பிரா லாம் என்கிறார்கள். லக் என்றால் இலக்குவன். தம்பியின் பெயர்தான் முதலில் வருகிறது. அவர்களுக்கு அது புத்தரின் முற்பிறவிக் கதை. ராமன்தான் பின்னாளில் புத்தராகப் பிறந்தார் என்கிறார்கள்.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். இப்படி ஒன்றைப் பார்த்ததும் நமக்குச் சட்டென்று வாயில் வரும் வாக்கியம் ஒன்று உண்டு: “எல்லாம் இங்கேயிருந்து போனதுதான்.” எங்கள் வண்டியில் அதை மூன்று முறை கேட்டேன், ஒருமுறை ஒலிபெருக்கியில். தயவுசெய்து அதைச் சொல்லி முடித்துவிடாதீர்கள். கதை எங்கிருந்தோ வந்தது உண்மை. வந்து சேர்ந்த இடத்தில் அதை என்ன செய்தார்கள், தம்பியை ஏன் முன்னால் நிறுத்தினார்கள் என்பது அவர்களுடைய வேலை, அவர்களுடைய அழகு. அதைப் பார்க்கத்தானே அவ்வளவு தூரம் போகிறோம்? உறவு இருக்கிறது என்று காட்டுங்கள், உரிமை கொண்டாட வேண்டாம்.

உறவைக் காட்டச் சொற்களே போதும். கண் முன்னால் கிடக்கின்றன. விகாரை வளாகத்தின் முக்கியக் கூடத்தை அவர்கள் சிம் என்கிறார்கள். பிக்குகளுக்குத் தீட்சை தரும் இடம் அது. சீமா என்ற எல்லைச் சொல்லிலிருந்து வந்தது. நம் சீமையும் அதே சொல்தான். அந்தக் கூடத்தைச் சுற்றி எல்லைக் கற்கள் நட்டு, உள்ளே இருப்பது தனி நிலம் என்று வகுத்திருக்கிறார்கள். தாட் என்றால் தூபி, அது தாதுவிலிருந்து வந்தது. வியந்தியானில் தங்கமாய் நிற்கும் தாட் லுவாங் தூபியும் 1566இல் அதே செத்தாத்திராத் எழுப்பியதுதான். சயாம் (இன்றைய தாய்லாந்து) படை 1828இல் அந்த நகரைக் கொளுத்திய பிறகு பாழடைந்து, 1930களில் திரும்பக் கட்டப்பட்டது. அந்தப் படையெடுப்பில் தப்பி நின்ற விகாரை வாட் சி சாகெத். அதன் சுற்றுச்சுவர் மாடங்களில் ஆயிரக்கணக்கான சிறு புத்தர்கள் இரண்டிரண்டாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஓரிடத்தில் உடைந்த சிலைகளை மட்டும் குவித்து வைத்திருக்கிறார்கள். தலையில்லாதவை, கையில்லாதவை. அதன் முன்னால் குழுவை இரண்டு நிமிடம் பேசாமல் நிறுத்துங்கள், போதும்.

தெற்கே வாட் பூவுக்கு உங்களில் யாருமே போவதில்லை என்பது எனக்குப் பெரிய குறை. சம்பாசாக் மாகாணத்தில், பாக்ஸே நகரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் சொச்சம். 2001இல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆன இடம். சிகரத்தில் இயற்கையாகவே லிங்கம்போல ஒரு பாறை நிமிர்ந்து நிற்கும் மலை. பழைய கல்வெட்டுகள் அதை லிங்கபர்வதம் என்றே அழைத்தன. அந்த வட்டாரத்தில் கிடைத்த ஐந்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றில் தேவானிகன் என்ற அரசன் தான் அமைத்த தீர்த்தத்தைக் குருக்ஷேத்திரத்தோடு ஒப்பிடுகிறான். இன்று நாம் பார்க்கும் கட்டடங்கள் கம்போடியாவின் கெமர் அரசர்கள் காலத்தவை. மலைப்பாறையின் அடியில் ஊறும் சுனைநீரைக் கல்வாய்க்கால் வழியாகக் கருவறைக்குக் கொண்டுவந்து, லிங்கத்தின்மேல் இடைவிடாமல் விழும்படி செய்திருந்தார்கள்.

இப்போது அந்தக் கருவறையில் புத்தர் இருக்கிறார். சுனை இன்னும் ஊறுகிறது. நான் போன நாளில் ஒரு குடும்பம் அந்த நீரைப் பாட்டிலில் பிடித்து, குழந்தையின் தலையில் தெளித்து, மீதியை ஊருக்கு எடுத்துப் போனது. ஏறிப்போகும் பழைய கற்படிகளின் இருபுறமும் ஈழத்தலரி மரங்கள். தொக் சம்பா என்று பெயர் சொல்லி அதைத்தான் நாட்டின் மலராக வைத்திருக்கிறார்கள். படியெல்லாம் பூ உதிர்ந்து கிடந்தது. இந்தியத் தொல்லியல் துறை லாவோ வல்லுநர்களோடு சேர்ந்து அங்கே பல ஆண்டுகளாகச் சீரமைப்பு வேலை செய்கிறது. தமிழ்ப் பயணி ஒருவர் லாவோஸில் ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் இந்த மலையைத்தான் சொல்வேன். வாங் வியங்கின் ஒரு நாளை எடுத்துவிட்டு, விமானத்தில் பாக்ஸே போய், இரண்டு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டணம் ஏறும். சொல்லிக் கேட்டுப் பாருங்கள், தருவோம்.

தெற்கே போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. மீகாங் ஆற்றிலுள்ள சி பான் தோன் தீவுகளில் டால்பின் பார்க்கலாம் என்று ஒரு திட்டத்தில் இன்னும் அச்சிட்டிருப்பதைப் பார்த்தேன். லாவோஸ் எல்லையில் இருந்த அந்த ஆற்று டால்பின்களில் கடைசியானது 2022 பிப்ரவரியில் இறந்துபோனது. இல்லாத உயிரைக் காட்டுவதாகப் பணம் வாங்காதீர்கள். அதே தீவுகளில் கோன் பாபெங் அருவி மீகாங்கின் பெரும் கிளையொன்றைப் பாறைகளில் உடைத்துக் கொட்டுகிறது. அதைக் காட்டுங்கள், டால்பின் கதையையும் அங்கேயே சொல்லுங்கள்.

குவாங் சி அருவிக்கு எல்லோரும் போகிறீர்கள். லுவாங் பிரபாங்கிலிருந்து முக்கால் மணி நேரம். சுண்ணாம்புப் பாறையில் ஓடிவரும் நீர் அந்தச் சுண்ணாம்பையே படியவைத்துப் படிப்படியாகக் குளங்களைக் கட்டியிருக்கிறது. பச்சையும் நீலமும் கலந்த அந்த நிறத்துக்கும் அதுதான் காரணம். மேலே ஏறி மிதித்தால் அந்தப் படிகள் உடையும். குளிக்கக்கூடாது என்று பலகை வைத்த குளத்தில் எங்கள் குழுவினர் இருவர் இறங்கினார்கள். பலகையைப் படித்துச் சொல்ல யாரும் பக்கத்தில் இல்லை. அருவிக்குப் போகும் வழியிலேயே கரடிகளுக்கான காப்பகம் இருக்கிறது. நெஞ்சில் பிறைபோல வெளுத்த மயிர் உள்ள ஆசியக் கருங்கரடிகள். பித்தநீருக்காகக் கூண்டில் அடைத்து வைக்கப்படும் இந்த இனத்தைக் காப்பாற்றிக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். நாங்கள் அவற்றைக் கடந்த வேகத்தில் ஒரு பெரியவர் அதை மிருகக்காட்சிசாலை என்றே நினைத்துவிட்டார். ஒரு நிமிடம் நின்று கதையைச் சொல்லுங்கள். மருந்து என்று எதையாவது வாங்கி வருகிற பழக்கம் நம்மவர்களுக்கும் உண்டு. அதில் கரடிப் பித்தம் இருந்தால் தொடக்கூடாது என்று அந்த ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும்.

யானைச் சவாரியைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 1353இல் ஃபா நும் நிறுவிய பழைய அரசின் பெயரே லான் சாங், பத்து லட்சம் யானைகள். இன்று காட்டில் இருப்பவை, மனிதர்கள் வளர்ப்பவை எல்லாம் சேர்த்தால்கூடச் சில நூறுதான். முதுகில் இரும்பு இருக்கை கட்டி நான்கு பேரை ஏற்றும் இடங்களைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

காட்டை உண்மையாகவே பார்க்க விரும்புகிறவர்களுக்கு வடக்கில் நல்ல வழிகள் இருக்கின்றன. லுவாங் நாம்தாவில் நாம் ஹா காட்டுக்குள் கிராமத்தாரே வழிகாட்டும் நடைப்பயணங்கள் பல ஆண்டுகளாக நடக்கின்றன. நாம் எத் பூ லூய் தேசியப் பூங்காவில் இரவுப் படகுப் பயணம் ஒன்று உண்டு. இன்ஜினை அணைத்துவிட்டு ஆற்றின் போக்கில் மிதந்து வருவார்கள், கரையில் மானோ மரநாயோ தென்படும். எத்தனை விலங்கு கண்ணில் பட்டதோ அதைப் பொறுத்துச் சுற்றியுள்ள கிராமங்களின் நிதிக்குப் பணம் சேரும்படி அதை அமைத்தார்கள். உயிரோடு இருக்கும் மானால் ஊருக்கு வருமானம். வேட்டையைத் தடுக்க இதைவிடத் தெளிவான ஏற்பாட்டை நான் எங்கும் பார்த்ததில்லை.

ஆனால் கிராமத்துக்குள் குழுவைக் கூட்டிப்போவதானால் முன்கூட்டியே பேசிவிட்டுப் போங்கள். லாவோஸ் ஐம்பது இனக்குழுக்களை அதிகாரபூர்வமாகக் கணக்கில் வைத்திருக்கிறது. கம்மு, அகா, மொங் என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கட்டுப்பாடு. அகா ஊரின் மரவாசல் அவர்களுக்குப் புனிதமானது, தொடக்கூடாது. வழியில் மூங்கில் பட்டையால் நட்சத்திரம்போலப் பின்னிய ஒன்றைக் கம்பில் செருகியிருந்தால் உள்ளே வராதே என்று பொருள். எங்கள் குழுவில் ஒருவர் அதை அழகாக இருக்கிறதென்று பிடுங்கப் போனார். நல்லவேளையாக, குடையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் வந்த உள்ளூர் வழிகாட்டி ஓடிவந்து கையைப் பிடித்தார். நான்கு நாளில் அவர் தானாக வாய் திறந்தது அந்த ஒருமுறைதான். அவர் ஐந்து நிமிடம் சொல்வதை நம் குழுத்தலைவர் ஒரு வரியில் தமிழாக்கினால் அவர் வேறென்ன செய்வார்? அவருக்குப் பேச இடம் கொடுங்கள். நிதானமாகத் தமிழில் மாற்றிச் சொல்லுங்கள். சம்பளத்தையும் கூட்டிக்கொடுங்கள். நாங்கள் பணம் கட்டுவது அவருக்குத் தெரிந்ததைக் கேட்கத்தான்.

இன்னும் ஓரிடம் பாக்கி. சியாங் குவாங் மேட்டு நிலத்தில் புல்வெளி முழுக்க ஆளுயரக் கல் ஜாடிகள் நிற்கின்றன. நம் முதுமக்கள் தாழிகளைப் பார்த்தவர்கள் கண்டிப்பாக நின்றுவிடுவார்கள். அவையும் ஈமச்சடங்கோடு தொடர்புள்ளவை, இரும்புக் காலத்தவை. 2019இல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆயின. அந்த ஜாடிகளுக்கு நடுவே பெரிய பெரிய பள்ளங்கள். 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் இந்தச் சிறிய நாட்டின்மேல் இருபது லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டன. கொத்துக் குண்டுகளிலிருந்து சிதறிய சிறு குண்டுகள் மட்டும் சுமார் 27 கோடி. அவற்றில் மூன்றில் ஒரு பங்குவரை வெடிக்காமல் மண்ணுக்குள் தங்கிவிட்டன. டென்னிஸ் பந்து அளவு இருக்கும், பிள்ளைகள் பந்து என்று எடுக்கிறார்கள்.

அங்கே தரையில் சிறு கட்டைகளைப் பதித்திருக்கிறார்கள். ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் சிவப்பு. வெள்ளைப் பக்கம் மண்ணுக்கு அடியிலும் துழாவிச் சுத்தம் செய்த இடம். சிவப்புப் பக்கம் மேலே மட்டும் பார்த்த இடம். என் வழிகாட்டி முதல் கட்டை வந்ததும் நின்று, என் செருப்பைப் பார்த்து, “வெள்ளையில்” என்றார். அதற்கு மேல் விளக்கவில்லை. அன்றைக்கு முழுவதும் நான் அவர் கால்வைத்த இடத்தில் கால்வைத்து நடந்தேன். மனசு கனத்துப்போகும் இடம் என்று உங்களில் சிலர் இதைத் திட்டத்தில் சேர்ப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். முடியாவிட்டால் வியந்தியானில் கோப் மையத்துக்காவது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். குண்டில் கால் போனவர்களுக்குச் செயற்கைக் கால் செய்து தருகிறார்கள். இந்த நாட்டு மக்கள் எதைத் தாண்டி வந்து நம்மைப் பார்த்து சபாய்தீ (வணக்கம்) என்று சிரிக்கிறார்கள் என்று அங்கே தெரியும்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. சைவர்களுக்காகச் சமையல்காரரைக் கூடவே அழைத்துப் போகிறீர்கள், சரி. பதேக் என்ற மீன் ஊறல் பல குழம்புகளில் இருக்கும் என்பதால் அந்த எச்சரிக்கை நியாயம்தான். ஆனால் ஒரு வேளையாவது அவர்களோடு உட்கார்ந்து கூடைச் சோற்றைச் சாப்பிட விடுங்கள். கையால் பிசைந்து உருட்டித் துவையலில் தொட்டு உண்ணும் சாப்பாடு அது. நமக்கு எந்தப் பயிற்சியும் வேண்டாம். நான் தங்கிய வீட்டில் சாப்பிட்டு முடித்துக் கூடையைத் திறந்தபடி விட்டேன். வீட்டம்மா ஒன்றும் சொல்லாமல் வந்து மூடியைப் போட்டார். திறந்து விட்டால் குடும்பத்துக்கு ஆகாதாம். என் அப்பத்தா அரிசிப் பானையை ஒருநாளும் திறந்து வைக்க விட்டதில்லை.

கடைசியாக மறுபடி அந்தத் தெருவுக்கு வருகிறேன். இரண்டாவது பயணத்தில் ஒருநாள் விடியற்காலையில், கைபேசியை அறையில் வைத்துவிட்டு, எதிர்ப்பக்கச் சுவரோரமாக நின்றுகொண்டேன். சுற்றுலா வண்டிகள் வந்தன, முக்காலிகள் நிரம்பின. வரிசை வந்து போனது. ஆறேகாலுக்கு எல்லோரும் ஏறிக்கொள்ள வண்டிகள் கிளம்பிவிட்டன. தெரு அமைதியானது.

அப்போதும் ஊர்க்காரர்கள் சிலர் எழுந்திருக்கவில்லை. எனக்கு எதிரே ஒரு வயதான அம்மாள் கூடையை மூடி வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த சிறிய செம்பை எடுத்தார். உதடு அசைந்தது. வீட்டு வாசலில் இருந்த மரத்தின் வேரில் அந்தத் தண்ணீரை நூல்போல மெதுவாக ஊற்றினார். ஊற்றி முடிக்கும்வரை கண் திறக்கவில்லை. வழிகாட்டியிடம் கேட்டேன். இன்று இட்ட சோற்றின் புண்ணியத்தை இறந்துபோனவர்களுக்கு அனுப்புகிறார்கள், தண்ணீர் வழியாகப் போகும் என்றார். செத்தவர்களுக்கு நீர் வார்க்கும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அம்மா போன பிறகு ஒவ்வோர் அமாவாசைக்கும் நான் செய்வதும் இதுதான். அங்கேயே கண் கலங்கிவிட்டது.

முதல் பயணத்தில் வண்டி கிளம்பும்போது அந்தப் பாட்டி பாயில்தான் உட்கார்ந்திருந்தார். அவரும் தண்ணீர் ஊற்றியிருப்பார். நாங்கள் இருபத்திரண்டு பேரும் அப்போது சந்தையில் இருந்தோம்.

அடுத்த குழுவை அழைத்துப் போகும்போது முக்காலிகளை எடுத்துவிடுங்கள். எதிர்ப்பக்கச் சுவரோரமாக நிறுத்துங்கள். வண்டியைப் பத்து நிமிடம் தாமதமாகக் கிளப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் வண்டியில் ஒருமுறை வந்த பயணி